கூண்டருகே ஒரு பையன், மொட்டை மாடியில் ஒரு நோட்டு

பழைய சென்னைக்காரர்கள் எழும்பூர் மியூசியத்தைச் ‘செத்த காலேஜ்’ என்பார்கள். சென்ட்ரல் பக்கம் இருந்த மிருகக்காட்சிசாலை ‘உயிர் காலேஜ்’. என் பாட்டி கடைசிவரை அப்படித்தான் சொன்னார். 1985-இல் மிருகக்காட்சிசாலை வண்டலூருக்குப் போன பிறகும் அவர் வாயில் அது உயிர் காலேஜ்தான். விலங்கு, பறவை ஓவியங்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்த இரண்டு பெயர்களும் எனக்கு ஞாபகம் வந்துவிடும். வரைந்தவர் எந்தக் காலேஜில் படித்தவர் என்று படமே காட்டிக்கொடுத்துவிடும்.

எட்வர்ட் லியர் உயிர் காலேஜில் படித்தவர். இங்கிலாந்துக்காரரான இவரை, ஆந்தையும் பூனையும் படகேறிப் போகும் பாட்டை எழுதியவராகத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. குழந்தைகளைச் சிரிக்க வைத்த அந்தப் பாட்டுகளுக்கெல்லாம் வெகுகாலம் முன்பே, பதினெட்டு வயதில், அவர் கிளி வரைந்தார். 1830 முதல் 1832 வரை வெளிவந்த 42 கிளிப் படங்கள். இருநூறு ஆண்டு நெருங்கப் போகிறது. கிளியை அதைவிட உயிரோடு தாளில் நிறுத்திய இன்னொருவரை நான் பார்த்ததில்லை.

அவருக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்க ஆசிரியர் என்று எவரும் இல்லை. 1812-இல் லண்டனை ஒட்டிய ஹாலோவேயில் பிறந்தார். இருபத்தொரு பிள்ளைகளில் இருபதாவது என்பார்கள். அப்பா பங்குத் தரகர். தொழில் நொடித்ததும் குடும்பம் ஆளுக்கொரு பக்கமானது. இருபத்தொரு வயது மூத்தவரான அக்கா ஆன்தான் அவருக்குத் தாயானார். சின்ன வயதிலேயே வலிப்பு, மூச்சிரைப்பு, கண்ணும் சரியில்லை. பூவையும் பழத்தையும் பார்த்து வரைய அக்காமார் ஆனும் சாராவும் வீட்டிலேயே பழக்கிவிட்டார்கள். அவ்வளவுதான் அவர் படித்த ஓவியப் படிப்பு. பதினைந்து வயதில் கைக்காசுக்காக வரையத் தொடங்கிவிட்டார். விசிறிக்குப் படம், திரைத் தட்டிக்குப் படம், மருத்துவர்களுக்காக நோயாளிகளின் புண்ணையும் கட்டியையும் காட்டும் படம். அந்த நோய்ப் படங்களைத்தான் அவருடைய உண்மையான பள்ளிக்கூடம் என்று நான் நினைக்கிறேன். அங்கே அழகு சேர்க்க இடமில்லை. புண் எந்த இடத்தில் எந்த நிறத்தில் இருக்கிறதோ அந்த இடத்தில் அந்த நிறத்தில் இருந்தாக வேண்டும்.

லண்டன் விலங்கியல் சங்கம் தொடங்கியது 1826-இல். ரீஜன்ட் பூங்காவில் அதன் தோட்டம் திறந்தது 1828-இல். அப்போது பொதுமக்கள் நினைத்தபோது உள்ளே நுழைய முடியாது; சங்கத்து உறுப்பினர்களுக்கும் அவர்களுக்குத் தெரிந்தவர்களுக்கும்தான் வழி. 1830 ஜூன் மாதம் அங்குள்ள கிளிகளை வரைய லியருக்கு அனுமதி கிடைத்தது. ப்ரூட்டன் தெருவில் சங்கத்தின் மியூசியமும் இருந்தது. பஞ்சடைத்த பறவைகள் அங்கே வரிசையாக அசையாமல் நிற்கும். வரைபவனுக்கு அதைவிட வசதி வேறென்ன வேண்டும்? அந்தக் காலத்துப் பறவை நூல்களில் பெரும்பாலானவை அப்படி அசையாத உடலைப் பார்த்து வரைந்தவைதான். பக்கவாட்டில் ஒரு உடம்பு, கண்ணாடிக் கண், குச்சியில் கட்டிய கால். அவசியம் ஏற்பட்டபோது லியரும் பதப்படுத்திய பறவையைப் பார்த்து வரைந்திருக்கிறார். ஆனால் உயிருள்ள பறவை கிடைக்கும் இடத்தில் உயிருள்ளதைத்தான் தேடிப் போனார்.

இதில் அழகுணர்ச்சி மட்டும் இல்லை. ஒரு தொழில் நுணுக்கமும் இருக்கிறது. செத்த கிளியின் இறகு நிறம் ஓரளவு நிற்கும். கண்ணைச் சுற்றியுள்ள வெறுந்தோல், அலகின் அடியில் உள்ள தோல், காலின் நிறம் இவையெல்லாம் உயிர் போனதும் மங்கிவிடும், சுருங்கிவிடும். பஞ்சு அடைப்பவர் தன் ஊகப்படி வண்ணம் பூசி நிரப்புவார். அதைப் பார்த்து வரைபவர் அந்த ஊகத்தை வரைகிறார். ஒரு கிளியின் முகம் என்று நாம் எதைச் சொல்கிறோமோ அது முக்கால்வாசி அந்த வெறுந்தோலில்தான் இருக்கிறது.

லியரின் வழி என்ன? அவருடைய பென்சில் தாள்கள் இன்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹௌட்டன் நூலகத்தில் இருக்கின்றன. காவலாளி பறவையைப் பிடித்துக்கொள்ள, இவர் சிறகின் நீளத்தையும் காலின் நீளத்தையும் அளந்து எழுதிக்கொண்டார். பிறகு பறவையைத் தன் கிளைக்குப் போகவிட்டு, அது உட்காரும் விதத்தைப் பார்த்தார். தாளின் நடுவில் பறவை. சுற்றிலும் பொடி எழுத்தில் குறிப்புகள். இந்த இறகின் நுனி இந்தப் பச்சை, இங்கே சாம்பல் கலந்தது, இங்கே மஞ்சள் தட்டும் என்று. பக்கத்திலேயே தூரிகையால் அந்த நிறத்தைத் தொட்டு வைத்த திட்டுகள். நிறத்தை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் பூசலாம் என்ற நம்பிக்கை அவருக்கு இல்லை. பறவை எதிரில் இருக்கும்போதே நிறத்தைத் தாளில் கட்டிப்போட்டுவிட வேண்டும்.

அந்தத் தாள்களின் ஓரத்தில் இன்னொன்றும் உண்டு. கிளி பார்க்க வந்தவர்கள் வரைகிற பையனையும் வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். தொப்பியும் குல்லாவுமாக எட்டி எட்டிப் பார்க்கும் அந்த முகங்களையும் அவர் ஓரத்தில் கிறுக்கி வைத்திருக்கிறார். கிளியை நடுவில் வைத்துப் பார்த்தால், வேடிக்கை பார்க்கிறவர்கள் எப்படித் தெரிவார்கள் என்று காட்டும் படம் அது. கூண்டுக்கு எந்தப் பக்கம் அவர் மனம் இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

அந்த நாட்களில் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், ஒரு வருடமாகக் கிளிகளுக்கு நடுவிலேயே நடந்து, கிளிகளையே நினைத்து, கிளிகளாகவே வாழ்ந்துவிட்டதாகச் சொல்கிறார். மறுபிறவி என்று ஒன்று உண்டானால் கிளிக்குலத்தைத் தவிர வேறு எந்த உடம்பிலும் தன் உயிருக்கு நிம்மதி இருக்காது என்றும். அதை வேடிக்கைப் பேச்சாகத்தான் எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். படங்களைப் பார்த்த பிறகு என்னால் அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஒவ்வொரு கிளிக்கும் தனியாக ஒரு சுபாவம் இருக்கிறது. ஒன்று சந்தேகக்காரன். ஒன்று தூங்கி எழுந்த முகம். கொண்டையை விரித்து நிற்கும் ஒன்று சண்டைக்குத் தயார். பின்னணி என்று எதுவும் கிடையாது. கிளை மட்டும், அதுவும் லேசான கோடுகளில். வண்ணமெல்லாம் பறவைக்கு.

அதே காலத்தில் கடலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு பெரிய கை வேலை செய்துகொண்டிருந்தது. அமெரிக்கப் பறவைகளை 435 பெருந்தாள்களில் 1827 முதல் 1838 வரை வெளியிட்ட ஜான் ஜேம்ஸ் ஆடுபான். அவரும் பெரும்பாலும் தானே கற்றவர். காட்டில் பல ஆண்டு அலைந்து பறவையின் நடைபாவனையைப் பார்த்தவர். ஆனால் வரைய வேண்டிய நேரம் வந்தால் சுட்டுவிடுவார். கட்டம் போட்ட பலகையில், உடலுக்குள் கம்பி செருகி, பறக்கிற மாதிரியோ இரை பிடிக்கிற மாதிரியோ நிறுத்தி வைத்து வரைவார். அந்தப் படங்களின் வேகமும் நாடகமும் யாரையும் அசத்தும். அவர் வரைந்த கரோலினா கிளிகள் இன்று உலகத்தில் இல்லை. கடைசிக் கிளி 1918-இல் சின்சினாட்டி மிருகக்காட்சிசாலையில் இறந்தது. ஆடுபான் லியரின் கிளி நூலை விலை கொடுத்து வாங்கி வைத்திருந்தார். தன்னைவிட இருபத்தேழு வயது இளையவனிடம் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

வரைந்த பிறகும் லியருக்கு வேலை முடியவில்லை. அன்றைக்குப் படம் அச்சேற வேண்டுமானால் ஒருவர் வரைந்ததை இன்னொருவர் செம்பிலோ மரத்திலோ செதுக்க வேண்டும். செதுக்குபவர் கைக்குப் போன பறவை பாதி அவருடைய பறவையாகிவிடும். லியர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. கல்லச்சுக் கற்றுக்கொண்டு, கனத்த சுண்ணாம்புக் கல்லின் மேல் கொழுப்பு மையில் தானே வரைந்தார். அச்சில் இடம் வலமாகும் என்பதால் கல்லில் வலத்தை இடமாக வரைய வேண்டும். இடப்பக்கம் பார்க்கும் கிளி தாளில் வேண்டுமென்றால் கல்லில் அது வலப்பக்கம் பார்க்கும். பறவையின் ஒரு பக்கத்தை மட்டும் மனப்பாடம் செய்தவனால் முடியாத காரியம் இது. சார்ல்ஸ் ஹல்மண்டல் என்பவரின் அச்சகத்தில் படங்கள் அச்சாகின. வண்ணம் தீட்டுபவர்கள் மாதிரியைப் பார்த்து ஒவ்வொரு தாளுக்கும் கையால் வண்ணம் ஏற்றினார்கள். முதல் பகுதி வெளிவந்த மறுநாளே லின்னேயன் சங்கத்தில் இணை உறுப்பினராக அவர் பெயர் முன்மொழியப்பட்டது.

175 சந்தாதாரர்கள் என்று கணக்கு வைத்துக்கொண்டார். அந்த அளவு எடுத்ததும் கல்லில் இருந்த படத்தை அழித்துவிட்டு, அதே கல்லில் அடுத்த படம். கல் வாங்கப் பணம் இல்லை; வீட்டில் இடமும் இல்லை. பதினான்கு பகுதிகள் கொண்டுவரத் திட்டமிட்டவர் பன்னிரண்டோடு நிறுத்த வேண்டியதாயிற்று. அச்சகத்துக்கும் வண்ணக்காரர்களுக்கும் மாதாமாதம் கொடுத்தே கை காலியானது. மீதமிருந்த படங்களையும் உரிமையையும் 1833-இல் பறவை நூல் பதிப்பாளர் ஜான் கூல்ட் 50 பவுண்டுக்கு வாங்கிக்கொண்டார். இங்கிலாந்தில் ஒரே ஒரு பறவைக் குடும்பத்துக்கென்று தனியாக வந்த முதல் நூலின் கதி இது.

அதன் பிறகு லிவர்பூல் அருகே நோஸ்லி மாளிகையில், பிற்காலத்தில் டெர்பி பிரபுவான ஸ்டான்லியின் சொந்த விலங்குப் பண்ணையை வரையும் வேலை கிடைத்தது. அங்கிருந்த பிள்ளைகளுக்காக எழுதத் தொடங்கியதுதான் அந்த விளையாட்டுப் பாட்டுகள். கண் ஒத்துழைக்கவில்லை. இனி நெருப்புக்கோழியைவிடச் சின்னப் பறவை எதையும் பார்த்து வரைய முடியாது போலிருக்கிறது என்று 1836-இல் கூல்டுக்கு எழுதினார். அடுத்த வருடம் ரோமுக்குப் புறப்பட்டவர் பிறகு நிலக்காட்சி ஓவியராகவே வாழ்ந்தார். கிளி வரைந்த காலம் மொத்தமே சில ஆண்டுகள்தான்.

இந்தச் சில ஆண்டுகளில் நடந்த ஒன்றைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். அந்த நூலில் ஒரு நீல மக்காவ் இருக்கிறது. தென் அமெரிக்காவின் பெரிய கிளிகளை நம் ஊரில் பஞ்சவர்ணக்கிளி என்போமே, அந்தச் சாதி. படத்தின் அடியில் லியர் ஹயசிந்த் மக்காவ் என்று பெயர் போட்டிருக்கிறார். அன்றைய அறிஞர்களுக்குத் தெரிந்த பெயர் அது. அவருக்கும் அதுவே தெரியும். ஆனால் அவர் வரைந்தது ஹயசிந்த் இல்லை. ஹயசிந்தின் கீழ் அலகை ஒட்டி மெல்லிய நாடாபோல் மஞ்சள் தோல் ஓடும். லியரின் பறவைக்கு அலகின் அடியில், கன்னத்தோரம், கண்ணீர்த் துளி மாதிரி அகன்ற மஞ்சள் திட்டு. தலையிலும் கழுத்திலும் நீலம் அவ்வளவு பளீரென்று இல்லை. பச்சை கலந்து மங்கியிருக்கிறது. பெயருக்கு ஏற்றபடி படத்தைத் திருத்தியிருக்கலாம். பலர் அப்படித்தான் செய்வார்கள். அவர் கண்ணில் பட்டதை அப்படியே வைத்தார். 1856-இல் பறவையியலாளர் சார்ல்ஸ் லூசியன் போனபார்ட் இது தனி இனம் என்று அறிவித்து லியரின் பெயரையே அதற்கு வைத்தார். பெயர் தவறு, படம் சரி. புண்ணை இருந்த இடத்திலேயே வரைந்து பழகிய கை அது.

பெயர் கிடைத்ததே தவிர, அந்தப் பறவையின் ஊர் யாருக்கும் தெரியவில்லை. கப்பலில் வரும் மற்றக் கிளிகளோடு எப்போதாவது ஒன்று கலந்து வரும். எந்தக் காட்டிலிருந்து பிடித்தார்கள் என்ற விவரம் இல்லை. லியர் வரைந்து ஒன்றரை நூற்றாண்டு நெருங்கும்போது, 1978-இல், பிரேசிலில் குடியேறிய ஜெர்மானியரான ஹெல்முட் சிக் பாஹியா மாநிலத்தின் வறண்ட முட்புதர்க் காட்டில் அதைக் கண்டுபிடித்தார். மணற்கல் செங்குத்துப் பாறைகளின் பொந்துகளில் கூட்டமாக அடைந்து, விடியலில் லிக்குரி என்ற பனை வகையின் கொட்டைகளைத் தேடிப் பறக்கும் நீலப் பறவைகள். 1980-களில் எண்ணிப் பார்த்தபோது அறுபது, எழுபதுதான் இருந்தன.

இன்று அவற்றின் எண்ணிக்கை 2,000-ஐத் தாண்டியிருக்கிறது. பாறைகளுக்குக் காவல், கள்ளப்பிடியைத் தடுத்தது, பனை குறைந்ததால் கிளிகள் சோளக்கொல்லையில் இறங்கியபோது சுடாமல் இருக்க விவசாயிகளுக்குச் சோளமே ஈடாகக் கொடுத்தது என்று பலர் உழைத்தார்கள். 2009-இல் அழிவின் விளிம்பில் உள்ள இனம் என்ற பட்டியலிலிருந்து ஒரு படி மேலே ஏறியது. லியருக்குப் பழக்கமானது கூண்டுப் பறவைதான். தான் வரைந்தது பாறையில் கூட்டமாக வாழும் பறவை என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. அந்த நீலப் படத்தில் பறவை தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கும். இது அவர் குற்றமில்லை. அன்றைக்கு ஓவியனுக்கு உயிருள்ள கிளி வேண்டுமென்றால் யாரோ ஒருவர் அதைக் காட்டிலிருந்து பிடித்துக் கப்பலேற்றியாக வேண்டும். வழியில் செத்தவை எத்தனையோ.

அந்த நூலில் நம் பக்கத்துப் பறவையும் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வாழாத நீலச்சிறகுக் கிளி. நீலகிரியின் சோலைகளிலும் தோட்டங்களிலும் சாம்பல் உடம்பும் நீலச் சிறகுமாகக் கத்திக்கொண்டு பறக்குமே, அதுதான். இளம்வயது லியர் அதை லண்டனில் வரைந்தார். 1873-இல் வைஸ்ராய் நார்த்புரூக் பிரபுவின் அழைப்பில் இந்தியா வந்தபோது அவருக்கு அறுபத்தொரு வயது. 1874-இல் மெட்ராஸ், மாமல்லபுரம், காஞ்சிபுரம், திருச்சி, தஞ்சாவூர் என்று சுற்றி, குன்னூருக்கும் உதகைக்கும் ஏறினார்; பிறகு இலங்கைக்கும் போனார். வழியெல்லாம் மலையும் கோயிலும் மரமும் வரைந்துகொண்டே போனார். அந்தக் கிளியின் சொந்த மலையில் அவர் கால் பட்டது; அதை வரைந்து நாற்பது வருடம் ஆகியிருந்தது.

இன்றைக்கு வருவோம். தானே கற்று விலங்குகளை வரையும் பிள்ளைகள் இப்போது நம் ஊரில் எத்தனையோ பேர். எந்தத் தாலுகாவிலும் ஒருவராவது இருப்பார். லியருக்கு அக்கா சொல்லிக்கொடுத்ததைக் கைப்பேசி சொல்லிக்கொடுக்கிறது. புலிக்கண் வரைவது எப்படி, யானைத் தோல் மடிப்புக்கு எந்தப் பென்சில் என்று வீடியோவில் எல்லாம் இருக்கிறது. அன்று அதிகபட்சம் 175 பேர் வீட்டில் மட்டும் இருந்த படங்களை இன்று திருநெல்வேலியில் இருக்கும் ஒரு மாணவி காசு கொடுக்காமல் இணையத்தில் பெரிதாக்கிப் பார்க்கலாம். இவை சின்ன விஷயங்கள் இல்லை. கையில் காசில்லாத பிள்ளைக்குக் கதவு திறந்திருக்கிறது.

ஆனால் ஒன்றை இழந்துகொண்டிருக்கிறோம். பெரும்பாலான பிள்ளைகள் வரைவது விலங்கை அல்ல, போட்டோவை. யாரோ எடுத்த ஒரு போட்டோவைப் பக்கத்தில் வைத்துக் கட்டம் போட்டு, ரோமம் ரோமமாக நகலெடுக்கிறார்கள். கைத்திறன் அபாரம். எனக்குக் கேமராவின் மேல் கோபமில்லை. அது இல்லாவிட்டால் இரவில் உலாவும் விலங்குகளின் முகமே நமக்குத் தெரிந்திருக்காது. ஆனால் போட்டோவில் பறவைக்கு ஒரு பக்கம்தான் உண்டு. நிழல் விழுந்து கறுத்த இடம் நிறமாகவே கறுப்போ என்று அதில் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. லென்ஸ் கிட்டே இருந்ததால் பெரிதான தலை, தாளில் பெரிய தலையாகவே இறங்கிவிடுகிறது. நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கில் உறைந்த சிறகு, எந்தக் கண்ணும் பார்த்திராத கோணத்தில் நிற்கிறது. அது தவறில்லைதான். ஆனால் அதைப் பார்த்து வரைந்தவருக்கு அடுத்த நொடி அந்தச் சிறகு எங்கே போகும் என்று தெரியாது. பஞ்சடைத்த பறவைக்கும் இதற்கும் பெரிய தூரமில்லை. செத்த காலேஜ் கைப்பேசிக்குள் வந்துவிட்டது.

ஒரு பள்ளிச் சுவரில் பெரிதாகக் கிளி வரைந்திருந்ததைப் பார்த்தேன். பச்சை அருமையாக வந்திருந்தது. இறகுக்கு இறகு வெளிச்சம் கொடுத்திருந்தார்கள். கிளையைப் பிடித்த காலில் மூன்று விரல் முன்னால், ஒன்று பின்னால். அது காக்கையின் கால். கிளிக்கு இரண்டு முன்னால், இரண்டு பின்னால். அந்த அமைப்பால்தான் அது கொய்யாவைக் காலில் பிடித்துத் தின்கிறது, தலைகீழாகத் தொங்குகிறது. தினமும் அந்தச் சுவரைத் தாண்டிப் போகும் பிள்ளைகளின் தலைக்கு மேலேயே பச்சைக்கிளிகள் பறந்திருக்கும். வரைந்தவரும் அண்ணாந்து பார்த்திருப்பார். அருகில் உட்கார்ந்து பார்க்கத்தான் நேரம் கிடைக்கவில்லை.

லியருக்கும் நமக்கும் நடுவில் நல்ல வழி ஒன்று போட்டவர்களும் உண்டு. எரிக் என்னியன் என்ற ஆங்கிலேய மருத்துவர் ஓவியம் முறையாகப் படிக்காதவர். கேம்பிரிட்ஜ் பக்கத்துச் சதுப்பு நிலக் கிராமத்தில் வைத்தியம் பார்த்துக்கொண்டே பறவைகளை வரைந்தார். 1945-இல் மருத்துவத்தை விட்டுவிட்டு முழுநேரமும் பறவைகளோடு இருக்கப் போய்விட்டார். சுடவில்லை, கூண்டிலடைக்கவில்லை. வயல்வெளியில் நின்று, பறவை இருக்கும் சில நொடிகளுக்குள் சில கோடுகள். இறகு எண்ண முடியாது. ஆனால் அது உள்ளான் என்றும், இப்போது எழும்பப் போகிறது என்றும் தெரிந்துவிடும். 1964-இல் பிரிட்டனில் காட்டுயிர் ஓவியர் சங்கம் தொடங்கியபோது அதன் நிறுவன உறுப்பினர்களில் அவரும் ஒருவர். லியரிடம் இருந்த பொறுமையும் பறவைக்குச் சுதந்திரமும் சேர்ந்த வழி இது. வேடந்தாங்கலிலும் கூந்தன்குளத்திலும் தொலைநோக்கியும் நோட்டுமாக உட்காரும் இளைஞர்கள் சிலரை இப்போது பார்க்கிறேன். அவர்கள் நோட்டில் பாதிக் கோடுகள் அரைகுறையாகத்தான் இருக்கும், பறவை எழும்பிவிடுவதால். அந்த அரைகுறைக் கோடுகளை எனக்கு மிகவும் பிடிக்கும்.

நானும் ஆசிரியர் இல்லாமல் வரைகிறவன்தான். மொட்டை மாடியில் ஊறவைத்த அரிசி வைத்தால் காலையில் செந்தார்ப் பைங்கிளிகள் வரும். மூன்று மாதம் தினமும் ஒரு கிளியை மட்டும் பார்த்தேன். கழுத்தில் ஆரம் இல்லாத பெண். முதல் வாரம் நான் வரைந்ததெல்லாம் என் மனதில் ஏற்கனவே இருந்த கிளி. ஜோசியக்காரர் பெட்டியில் பார்த்த கிளி. இரண்டாவது வாரம்தான் கண்ணில் பட்டது, கைப்பிடிச் சுவரில் ஏறும்போது அலகை மூன்றாவது காலாக ஊன்றுகிறது என்று. பிறகு தெரிந்தது, மேல் அலகும் தனியாக அசைகிறது என்று. நாம் வாயைத் திறந்தால் கீழ்த்தாடை மட்டும்தான் இறங்கும். கிளிக்கோ மேல் அலகும் தூக்கும். ஏதாவது புதிதாகப் பார்த்தால் கண்மணி சட்டென்று சுருங்கி, சுற்றியுள்ள வெளிறிய வளையம் விரியும். அடுத்த நொடி பழையபடி ஆகும். இதைப் பார்த்த அன்றைக்கு நான் ஒன்றுமே வரையவில்லை. பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

ஒரு நாள் கண்ணைச் சுற்றியுள்ள தோலின் நிறத்தைத் தாளோரம் தொட்டு வைத்தேன். சிவப்பு என்று நினைத்துச் சிவப்பைத் தொட்டேன், ஒட்டவில்லை. ஆரஞ்சு கலந்தேன், அதுவும் இல்லை. நான்காவது திட்டில்தான் நிறம் சேர்ந்தது. அந்த நான்கு திட்டுகளையும் தாளில் அப்படியே விட்டிருக்கிறேன். லியரின் தாள்களில் திட்டுத் திட்டாக நிறம் ஏன் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் என் கைக்குப் புரிந்தது.

அன்றைக்கும் இன்றைக்கும் நல்லதாக மாறியது ஒன்று உண்டு. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வளர்ப்பதும் குற்றம். லியருக்கு இருந்த வசதி, காவலாளி பிடித்துக்கொள்ள அளந்து பார்க்கும் வசதி, நமக்கு இல்லை, இருக்கவும் கூடாது. அதற்குப் பதிலாக அவருக்குக் கிடைக்காதது நமக்குக் கிடைத்திருக்கிறது. கிளி தன் இஷ்டத்துக்கு வரும், தன் இஷ்டத்துக்குப் போகும். சோடியோடு வரும், காக்கையைக் கண்டால் கத்தும், மழைக்கு முன் கூட்டமாகப் பறக்கும். லண்டன் கூண்டில் இதில் எதையும் அவர் பார்த்திருக்க முடியாது.

வரையப் பிறந்த பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் கலர் பென்சில் பெட்டியோடு ஒரு கைப்பிடி அரிசியும் கொடுத்து மாடிக்கு அனுப்புங்கள். முதல் பத்து நாள் கைப்பேசி கீழேயே இருக்கட்டும். பதினோராம் நாள் ஹார்வர்டின் இணையப் பக்கத்தில் லியரின் கிளித் தாள்களை அவர்களுக்குக் காட்டுங்கள். நடுவில் இருக்கும் கிளியோடு நிறுத்திவிடாமல், ஓரத்தில் பென்சிலால் எழுதியிருப்பதையும் நிறத் திட்டுகளையும் பெரிதாக்கிக் காட்டுங்கள்.